இன்வர்னெஸிலிருந்து ஆப்பிள்கிராஸ் கடலோர கெஸ்ட் ஹவுஸுக்கு: எந்த வழியாகப் போவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஜூன் மூன்றாவது வாரம் மனைவி, அம்மா, எட்டு வயது மகளோடு லண்டன் வழியாக வந்து, மதியம் இரண்டு மணிக்கு இன்வர்னெஸ் விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். அங்கேயே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆப்பிள்கிராஸுக்குச் சற்றுத் தெற்கே, கமஸ்டெரக் என்ற சிற்றூரில் கடலைப் பார்த்த கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் மூன்று இரவு தங்கப் போகிறீர்கள். வீட்டுக்கார அம்மா அனுப்பிய வழிக்குறிப்பில் “ஷீல்டெய்க் வழியாக வாருங்கள்” என்று இருக்கிறது. கூகுள் மேப்போ ‘பியாலக் ந பா’ என்ற மலைவழியில் போனால் அரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம் என்கிறது. யார் பேச்சைக் கேட்பது? திரும்பும்போது கிளாஸ்கோ விமான நிலையத்தில் காரை விட வேண்டும், அதற்கு எது வழி?

வீட்டுக்கார அம்மா பேச்சைக் கேளுங்கள். மலைவழியைப் பார்க்காமலே திரும்பிவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போய் அதை விட்டுவிட்டு வருவது பாவம். ஆனால் அதை ஓட்ட வேண்டிய நாள், விமானத்தை விட்டு இறங்கிய நாள் அல்ல. பெட்டிகளை வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காரும் கைக்குப் பழகிய பிறகு போகலாம். அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

ஹைலண்ட்ஸ் பக்கம் வழி தவறுவது உண்மையில் கஷ்டமான காரியம். விமான நிலையத்திலிருந்து உங்கள் கெஸ்ட் ஹவுஸ் வாசல் வரை யோசித்துத் திரும்ப வேண்டிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், சாலைகளே அவ்வளவுதான். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கடைசி முப்பது மைலுக்கு மேல் சாலை ஒரே ஒரு கார் போகும் அகலம்தான், போக்குவரத்து மட்டும் இரு பக்கமும் உண்டு. எதிரே வருபவருக்கு எங்கே ஒதுங்குவது, பின்னால் வருபவருக்கு எப்போது வழி விடுவது என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். கூகுள் காட்டும் நிமிடக் கணக்கில் இந்த ஒதுங்கல்கள் சரியாக வருவதில்லை. மைலை விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள்: கடலோர வழியில் விமான நிலையத்திலிருந்து கமஸ்டெரக் 110 மைல் சுமார். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தி இறங்குவதையும் சேர்த்து.

கார் எடுக்கும் இடத்தில் இரண்டு மூன்று விஷயம். பெரிய எஸ்யூவி தருகிறேன் என்று இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கு பேருக்கும் பெட்டிகளுக்கும் இடம் இருக்கும் சின்ன ஹேட்ச்பேக் அல்லது எஸ்டேட் (டிக்கி நீண்ட கார்) போதும்; ஒற்றைத் தடச் சாலையில் காரின் அகலம் ஒவ்வொரு அங்குலமும் உங்களுக்குத் தெரியவரும். கியர் வண்டி பழக்கம் இருந்தால் அதுவே மலையில் நல்லது. உங்கள் இந்திய லைசென்ஸை வைத்து வருகையாளராகப் பன்னிரண்டு மாதம் வரை இங்கே ஓட்டலாம். மகளுக்கு பூஸ்டர் சீட்டை முன்பே கேட்டு வையுங்கள்; 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை சட்டப்படி வேண்டும். அப்புறம், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய வாடகைக் கார்களில் டயர் பஞ்சர் ஆனால் அடிக்கும் நுரை டப்பா மட்டும்தான் இருக்கும். அது தெரிந்திருந்தால் சாலை ஓரத்தில் இறக்குவதற்கு முன் யோசிப்பீர்கள்.

இனி வழி. விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே டால்கிராஸில் இருக்கிறது. வெளியே வந்து ஏ96 சாலையில் இன்வர்னெஸ் திசையில் போங்கள். ஊரின் ஓரத்திலேயே ஏ9 வந்து சேரும். அதில் வடக்கே ஏற வேண்டும், ஊருக்குள் போக வேண்டாம். ஏறுவதற்கு முன் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு சாமான் வாங்கிக்கொள்ளுங்கள். தயிர், பழம், பிரெட், குழந்தைக்கு வேண்டியது, அம்மா சைவம் என்றால் அவருக்கு இரண்டு நாளைக்கானது. மேற்கே போகப் போகக் கடையும் குறையும், சைவத்தில் தேர்ந்தெடுக்க இருப்பதும் குறையும்.

ஏ9-இல் உடனே கெஸ்ஸக் பாலம் வரும். 1982-இல் திறந்தது, கம்பிவடங்களில் தொங்கும் நீளப் பாலம்; இடப்பக்கம் பியூலி கழிமுகம், வலப்பக்கம் மோரே கழிமுகம். காற்று பலமாக இருந்தால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். பாலம் தாண்டிச் சில மைலில் டோர் என்ற பெரிய ரவுண்டானா. இங்கே ‘உல்லாபூல், ஏ835’ என்ற பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதே ரவுண்டானாவில் ஏ832 என்றும் ஒரு சாலை பிரியும். உங்கள் குறிப்பில் பின்னால் ஏ832 வருவதால் அவசரப்பட்டு அதில் இறங்கிவிடுவீர்கள். அந்தச் சாலை பாம்பு மாதிரி கிழக்கிலிருந்து மேற்கே வளைந்து போகிறது. உங்களுக்கு வேண்டியது அதன் பிற்பகுதி. டோரில் ஏ835 மட்டும்தான்.

மேரிபரோ ரவுண்டானாவிலும் உல்லாபூல் பலகையே. கான்டின் கிராமம் தாண்டியதும் மரங்கள் நெருங்கும், ரோகி அருவிக்கு வலப்பக்கம் கார் நிறுத்துமிடம் வரும். இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் அருவி. மகள் காரில் நெளிய ஆரம்பித்திருந்தால் இங்கே இறக்கிவிடுங்கள். பிறகு கார்வ். கார்வ் தாண்டிய உடனே கோர்ஸ்டன் என்ற இடத்தில் இடப்பக்கம் ஏ832 பிரிகிறது: ‘கெய்ர்லாக், அக்னஷீன்’. இதுதான் நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஏ832. இதைத் தவறவிட்டால் நேராக உல்லாபூலுக்குப் போய்விடுவீர்கள், அதுவும் நல்ல ஊர்தான், ஆனால் இன்று வேண்டாம்.

அக்னஷீனில் ஒரு ரவுண்டானா, ஒரு ரயில் நிலையம், சில வீடுகள். இடப்பக்க முதல் வழி ஏ890, லாக்கேரன் பலகை. இனி கேரன் பள்ளத்தாக்கில் ரயில் பாதையை ஒட்டியே இறங்கிப் போவீர்கள். இன்வர்னெஸ் முதல் மேற்குக் கரையில் இருக்கும் கைல் ஊர் வரை போகும் இந்த ரயிலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1870-இல் ஸ்ட்ரோம் வரை வந்து, 1897-இல்தான் கடைசி பத்து மைலையும் முடித்தார்கள், அவ்வளவு பாறை. சாலை ஆங்காங்கே ஒற்றைத் தடமாகக் குறுகும். இதைப் பயிற்சி வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் ஏ890 இடப்பக்கம் திரும்பிவிடும். நீங்கள் திரும்பாமல் ஏ896-இல் நேரே போனால் லாக்கேரன்.

லாக்கேரன் ஏரிக்கரை மாதிரி தெரிந்தாலும் அது கடல்தான், உள்ளே நீண்டு வந்த கடல். ஒரே தெரு, ஒரு பக்கம் வெள்ளை வீடுகள், மறுபக்கம் தண்ணீர். இங்கே கட்டாயம் நிறுத்துங்கள். கழிப்பறை, கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் உண்டு. போனில் சிக்னல் நன்றாக இருக்கும் கடைசி இடமும் கிட்டத்தட்ட இதுதான், அதனால் வீட்டுக்கார அம்மாவை இங்கிருந்து கூப்பிட்டு “லாக்கேரனில் இருக்கிறோம், ஷீல்டெய்க் வழியாக வருகிறோம்” என்று சொல்லுங்கள். அவர் மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார். ராத்திரிச் சாப்பாடு அக்கம்பக்கத்தில் எங்காவது என்றால் மேஜையை அப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அடுப்பை எட்டு, எட்டரைக்கு அணைத்துவிடும் ஊர்கள் இவை. ஜூன் மாதத்தில் சூரியன் பத்து மணிக்கு மேல்தான் மறையும் என்பதால் நேரம் போவதே தெரியாது, அதுதான் ஆபத்து.

லாக்கேரனிலிருந்து ஒரு மேட்டை ஏறி இறங்கினால் கிஷோர்ன். இப்போது அமைதியாகக் கிடக்கிற இந்தக் கடல்நுழைவில்தான் 1970-களில் வட கடல் எண்ணெய்க்காக நினியன் சென்ட்ரல் என்ற ராட்சத கான்கிரீட் மேடையைக் கட்டி இழுத்துப் போனார்கள். கிஷோர்ன் தாண்டி டோர்னபிரஸ். இங்கே இடப்பக்கம் ஒரு சாலை பிரியும், பக்கத்தில் பெரிய எச்சரிக்கைப் பலகை. ஆப்பிள்கிராஸ் 11 மைல்தான் என்று அது ஆசை காட்டும். கூகுளும் “இடப்பக்கம் திரும்பு, திரும்பு” என்று கத்தும். திரும்பாதீர்கள். நேரே ஷீல்டெய்க் பலகையோடு ஏ896-இலேயே போங்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலை கடல் மட்டத்தில் தொடங்கி ஐந்தாறு மைலுக்குள் 626 மீட்டர் ஏறுகிறது. பலகையில் இருப்பதும் அதுதான்: ஐந்துக்கு ஒன்று என்ற சரிவு, கொண்டை ஊசி வளைவுகள், பழகுநர்களுக்கும் மிகப் பெரிய வண்டிகளுக்கும் முதல் மைலுக்குப் பிறகு கேரவன்களுக்கும் உகந்தது அல்ல. கொல்லிமலையின் 70 வளைவுகளை ஏறிய உங்களுக்கு வளைவின் எண்ணிக்கையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கொல்லிமலையில் எதிரே பஸ் வந்தால் ஓரத்தில் நுழைந்துகொள்ளலாம். இங்கே ஓரம் என்பதே ஒதுங்குமிடங்களில் மட்டும்தான். ஜூன் மாதப் பிற்பகல் நான்கு ஐந்து மணிக்கு மோட்டார் ஹோம்கள், அதாவது உள்ளேயே தங்கும் வீட்டு வேன்கள், வரிசையாக வரும். 2015-இல் ‘நார்த் கோஸ்ட் 500’ என்று வடக்குக் கரையைச் சுற்றி 500 மைல் சுற்றுலாப் பாதை அறிவித்ததிலிருந்து இந்தக் கணவாய்க்கு வரும் கூட்டம் பெருகிவிட்டது. மேலே மேகம் உட்கார்ந்திருந்தால் பானெட்டுக்கு முன்னால் பத்தடி கூடத் தெரியாது. பயணக் களைப்பு, புது கார், பின் சீட்டில் தலைசுற்றும் அம்மா. எதற்கு?

சரி, ஒற்றைத் தடச் சாலையில் எப்படி ஓட்டுவது. டோர்னபிரஸிலிருந்து ஷீல்டெய்க் போகும் ஏழெட்டு மைலிலேயே இது கைவந்துவிடும். சாலையின் இரு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை சாலை சற்றே வீங்கியிருக்கும், ஒரு கம்பத்தில் வெள்ளைப் பலகை இருக்கும். இதுதான் ‘பாசிங் பிளேஸ்’. எதிரே வண்டி தெரிந்தால், அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருக்கிறதென்றால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருக்கிறதென்றால் அதில் நுழையாதீர்கள். சாலையிலேயே அதற்கு எதிரே நில்லுங்கள், எதிரே வருபவர் தன் இடப்பக்கமாக அதில் புகுந்து உங்களைத் தாண்டிப் போவார். நம் ஆட்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். வலப்பக்கம் காலி இடம் தெரிந்ததும் அதில் பாய்ந்துவிடுவார்கள், எதிரே வருபவர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பார்.

ஏற்றத்தில் வருபவருக்கு முடிந்தவரை முதல் வழி. கண்ணை அடுத்த வளைவுக்கு அப்பால் வைத்திருங்கள், காரின் மூக்கில் அல்ல. தூரத்தில் ஒரு வெள்ளை வேன் வளைவைத் தாண்டி வருவது தெரிந்தால், உங்களுக்கும் அதற்கும் நடுவில் எத்தனை கம்பங்கள் என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கம்பம் உங்களுடையதென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஹெட்லைட்டை ஒரு தரம் சிமிட்டினால் ‘நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள்’ என்று அர்த்தம். தாண்டிப் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையோ கையையோ தூக்கி நன்றி சொல்வது வழக்கம். இதை மறந்தால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

இதைவிட முக்கியம் கண்ணாடி. பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தால், அது உள்ளூர்க்காரர். தபால்காரரோ, மாவட்ட நர்ஸோ, பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் அம்மாவோ. உங்களுக்கு 25 மைல் வேகம் சரியாக இருக்கும். அவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். அடுத்த ஒதுங்குமிடத்தில் இடப்பக்கம் சிக்னல் போட்டு நின்று அவரை விடுங்கள். இதை மரியாதை என்று மட்டும் நினைக்காதீர்கள், போக்குவரத்து விதிகளிலேயே இருக்கிறது. சட்டப்படி இந்தச் சாலையில் 60 மைல் வேகம் வரை போகலாம். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் குறுக்குக் கோடு போட்ட பலகை அதைத்தான் சொல்கிறது. போக முடியாது என்பது வேறு விஷயம். ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்க இறங்குவதுதான் இங்கே பெரிய பாவம். அழகான காட்சி எல்லாம் ஒதுங்குமிடத்திலேயே வந்து தொலைக்கும், என்ன செய்வது, நிறுத்துமிடம் வரும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலை ஓரத்தை நம்பாதீர்கள். தார் முடிகிற இடத்தில் புல் சமமாகத் தெரியும். அடியில் ‘பீட்’ என்ற ஈரச் சதுப்பு மண், சக்கரம் ஒரு ஜாண் கீழே இறங்கிவிடும். எதிரே வருபவருக்காக இடது சக்கரத்தைப் புல்லில் விடுவதைவிட, பின்னால் ஐம்பது மீட்டர் ரிவர்ஸ் எடுப்பது எப்போதும் மேல். ரிவர்ஸ் கைவசம் இல்லையென்றால் விமான நிலையக் கார் பார்க்கிலேயே ஐந்து நிமிடம் பழகுங்கள்.

ஆடுகள் வேலி இல்லாமல் மேயும். ஜூனில் குட்டிகள் வளர்ந்து துள்ளிக்கொண்டிருக்கும். தாய் ஆடு சாலையின் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் வேகத்தை நடை வேகத்துக்குக் குறையுங்கள். நீங்கள் நெருங்கியதும் அந்தக் குட்டி தாயிடம்தான் ஓடும், உங்கள் பம்பருக்கு முன்னால். தார்ச் சாலையில் வெயில் காயும் மாடுகளும் உண்டு, நீண்ட சிவப்பு முடியும் பெரிய கொம்பும். ஹாரன் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். காத்திருப்பது ஒன்றே வழி. மான்கள் அந்தி நேரத்தில் வரும், ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று உண்டு.

ஷீல்டெய்க் நெருங்கும்போது கவனம். கடலோரச் சாலை பிரிகிற இடம் ஊருக்குள் இல்லை, ஊருக்குச் சற்று முன்பே இடப்பக்கம் இருக்கிறது. வெள்ளை வீடுகள் வரிசையாக நிற்கும் ஊரும், எதிரே பைன் மரங்கள் அடர்ந்த குட்டித் தீவும் முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் திருப்பத்தைத் தாண்டிவிட்டீர்கள். தாண்டினாலும் குடி முழுகிவிடாது. ஊருக்குள் இறங்கிக் கால் நீட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். 1800-இல் நெப்போலியனோடு நடந்த போருக்கு மாலுமிகளைத் தயார் செய்யவென்று அரசாங்கம் உருவாக்கிய ஊர் அது.

இனி 25 மைல் கடலை ஒட்டி. ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஆர்ட்ஹெஸ்லெய்க், கென்மோர், ஃபியர்ன்மோர் என்று நாலைந்து வீடு கொண்ட ஊர்கள். ஃபியர்ன்மோரில் தீபகற்பத்தின் மூலை வரும், சாலை தெற்கே திரும்பும், திரும்பியதும் வலப்பக்கம் கடல் விரிந்துவிடும்: ரோனா, ராசே தீவுகள், அவற்றுக்குப் பின்னால் ஸ்கை தீவின் மலைகள். இந்தச் சாலை போட்டதே 1970-களில்தான். அதுவரை இந்த ஊர்க்காரர்கள் நடந்தோ படகிலோதான் போய்வந்தார்கள். சாலை வருவதற்குள் பாதி வீடுகள் காலியாகிவிட்டன. கூரை இல்லாத கல் சுவர்களைப் பார்ப்பீர்கள்; பழங்காலக் கோட்டை என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள், சமீபகாலம் வரை ஆட்கள் இருந்த வீடுகள்தான்.

சாண்ட் என்ற இடத்தில் சிவந்த மணல்மேடும் கடற்கரையும், கூடவே கடற்படையின் நீரடிச் சோதனை நிலையமும் உண்டு. அதைத் தாண்டிச் சில மைலில் ஆப்பிள்கிராஸ் விரிகுடா. சாலை விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போகும். கி.பி. 673-இல் மெல்ருபா என்ற அயர்லாந்துத் துறவி மடம் நிறுவிய இடம் இந்தக் கரை. அப்புறம் இடப்பக்கத்திலிருந்து ஒரு சாலை வந்து சேரும். அதுதான் மலைவழி இறங்கி வரும் இடம். அதில் ஏறாதீர்கள். நேரே கடலை ஒட்டிய வீட்டு வரிசை, அதையும் கடந்து மில்டன், பிறகு கமஸ்டெரக்.

கடைசி ஒரு மைலுக்கு வீட்டுக்கார அம்மாவின் குறிப்பு மட்டுமே துணை. இங்கே ஐவி54 என்று தொடங்கும் பின்கோடு ஒன்றே பல வீடுகளுக்கும் பொது; ஜிபிஎஸ் அந்த வட்டாரத்தின் நடுவில் எங்காவது, சில சமயம் ஆட்டுப் பட்டி வாசலில், ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லிவிடும். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் பெரும்பாலும் இல்லை, வீட்டுக்குப் பெயர்தான். அதனால்தான் அவர் குறிப்பில் “இரண்டாவது கேட்டில் கிரிட் தாண்டி 300 கெஜம், படகுத் துறைக்கு முன் வலப்பக்கம்” என்கிற மாதிரி வருகிறது. கேட்டில் கிரிட் என்பது ஆடுமாடு தாண்டாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே பதித்திருக்கும் இரும்புக் கம்பி வரிசை. கார் ஏறும்போது தடதடவென்று சத்தம் வரும், அதை எண்ணிக்கொண்டே போகலாம். கெஜம் என்றால் ஏறக்குறைய மீட்டர். அந்தக் குறிப்பைத் தாளில் அச்செடுத்து மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைப்பதும் நல்லதுதான், ஆனால் தாளுக்கு சார்ஜ் வேண்டாம்.

இப்போது மலைவழி. தங்கும் நாட்களில் வானம் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் ஒரு சுற்று அடியுங்கள். வந்த வழியே கடலோரமாக ஷீல்டெய்க், அங்கிருந்து தெற்கே டோர்னபிரஸ், அங்கே அந்த எச்சரிக்கைப் பலகையில் திரும்பி மலையேறி மறுபடி ஆப்பிள்கிராஸ். மொத்தம் 45 மைல் சுமார், அரை நாள். நேரே வீட்டிலிருந்து மலையேறாமல் இப்படிச் சுற்றி வரச் சொல்வதற்குக் காரணம், செங்குத்தான பக்கமும் கொண்டை ஊசிகளும் டோர்னபிரஸ் பக்கம்தான். அவற்றை இறங்குவதைவிட ஏறுவது எளிது: பிரேக் சூடாகாது, ஏறுபவருக்கு எல்லாரும் வழி விடுவார்கள், பள்ளத்தாக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆப்பிள்கிராஸ் பக்கச் சரிவு சாது. இரண்டாவது கியரில் விட்டால் தானே இறங்கும்.

எட்டரைக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பினால் பத்து, பத்தரைக்குள் டோர்னபிரஸ் வந்துவிடலாம். அந்த நேரத்தில் மோட்டார் ஹோம்கள் பாதி இன்னும் காபி குடித்துக்கொண்டிருக்கும். முதல் சில மைல் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், சாலை நிதானமாக ஏறும். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் போனதும் திடீரென்று வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் மேலே அண்ணாந்து பாருங்கள், இறங்கி வரும் வண்டி தெரியும். அது தெரிந்தால் வளைவுக்குள் போகாமல் கீழேயே நின்றுவிடுங்கள். முதல் கியருக்கு இறங்க வெட்கப்பட வேண்டாம். சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள், ஒதுங்குமிடம் வந்ததும் அவர்களே கையசைப்பார்கள். உச்சியில் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. குளிர் கோட்டுகளை டிக்கியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்குங்கள், கீழே வெயில் அடித்தாலும் மேலே காற்று வேறு. 1822-இல் போட்ட சாலை இது. கடலோரச் சாலை வரும்வரை ஆப்பிள்கிராஸுக்குத் தரைவழி இது ஒன்றுதான், பனிக்காலத்தில் மூடிக்கொண்டால் ஊரே தனித்தீவு. இப்போதும் பனி விழுந்தால் அடைத்துவிடுவார்கள். ஜூனில் அந்தக் கவலை இல்லை. மேகம் உச்சியை மூடியிருந்தால் மட்டும் திட்டத்தை மாற்றுங்கள். அதை வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.

அம்மாவுக்குத் தலைசுற்றல் என்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள், கிளம்ப அரை மணி நேரம் முன் மாத்திரை. அவர் வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், கெஸ்ட் ஹவுஸ் ஜன்னலிலிருந்து தெரியும் கடல் ஒன்றும் குறைந்ததல்ல. சாயங்காலம் காற்று நின்றால் மட்டும் வெளியே உட்கார விடாதீர்கள்: ‘மிட்ஜ்’ என்ற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குட்டிக் கடிபூச்சி படையாக வரும். இன்னொன்று, ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஓட்டலாமா என்று யோசிக்க வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் அளவு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி.; இங்கிலாந்தில் 80. லண்டனில் இருக்கும் நண்பர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

திரும்பும் வழி. கிளாஸ்கோ விமான நிலையத்துக்கு 200 மைலுக்கு மேல், நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம் வையுங்கள். மாலை விமானம் என்றால் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். மதிய விமானம் என்றால் முதல் நாளே கிளம்பி ஃபோர்ட் வில்லியத்தில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். லாக்கேரன் வரை வந்த வழியே. லாக்கேரனைத் தாண்டி ஏ890 சந்திப்பில் வலப்பக்கம் திரும்பி, ஸ்ட்ராத்கேரன் ரயில்வே கேட்டைக் கடந்து, ஏரிபோன்ற கடலின் தென்கரையில் போவீர்கள். ஒரு பக்கம் வலை போர்த்திய பாறை, மறுபக்கம் ரயில், அதற்கப்பால் தண்ணீர். 2011 இறுதியில் இங்கே பாறை சரிந்து சாலையே மூடிக்கொள்ள, கார்களை ரயில் பாதை மேலேயே விட்டார்கள். அதனால் கிளம்பும் காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூடியிருந்தால் இன்வர்னெஸ் பக்கமாகச் சுற்ற வேண்டிவரும், விமானத்தை மறந்துவிடலாம். வழியில் ஸ்ட்ரோம்ஃபெரி என்ற ஊர்ப் பலகையில் ‘படகு கிடையாது’ என்றும் எழுதியிருக்கும். 1970-இல் இந்தச் சாலை வந்ததும் படகு நின்றது, பெயர் மட்டும் நிற்கவில்லை.

ஆக்டர்டயரில் ஏ87, இடப்பக்கம். டார்னியில் எய்லியன் டோனன் கோட்டை. 1719-இல் தகர்த்து, 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. பத்து நிமிடம் வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். பிறகு க்ளென் ஷீல், குளூனி ஏரி. ஏரி தாண்டியதும் ஏ887 நேரே போகும், உங்கள் ஏ87 வலப்பக்கம் பிரியும். இதைத் தவறவிட்டால் லாக் நெஸ் கரையில் போய் நிற்பீர்கள். இன்வர்கேரியில் வலப்பக்கம் ஏ82, அதுவே கிளாஸ்கோ வாசல் வரை: ஸ்பீன் பிரிட்ஜில் வலப்பக்கம், ஃபோர்ட் வில்லியம், பலஹூலிஷ் பாலம், க்ளென்கோ, ரானக் சதுப்பு, டின்ட்ரம், லோமண்ட் ஏரி. ஆர்ட்லூயிக்கும் டார்பெட்டுக்கும் நடுவே ஏரிக்கரைச் சாலை குறுகி வளையும், எதிரே லாரியும் பஸ்ஸும் வரும், ஓவர்டேக் செய்ய எண்ணாதீர்கள். சாப்பாட்டுக்கு டின்ட்ரமில் நிறுத்துங்கள். பெட்ரோலும் அங்கே இருக்கிறது. கடைசியில் டம்பார்டன் தாண்டி எர்ஸ்கின் பாலம் ஏறி, எம்8-இல் கிழக்கே ஒரு கை தூரம், விமான நிலையம். பாலத்துக்குச் சுங்கம் 2006-லேயே நீக்கிவிட்டார்கள். டேங்க் நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஒப்பந்தம் என்றால், பாலத்துக்கு முன்பே ஏ82-இல் வரும் பங்க்கில் போட்டு, ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.